பனை தாங்கியது, கல் தாங்கவில்லை: ஒரு கயிற்றேற்ற விபத்தின் கதை

அன்று பொழுதுபட்ட பிறகு அக்கா வீட்டு விறாந்தையில் கயிற்றை நீளத்துக்கு விரித்துப் போட்டு, டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு சாண் சாணாகத் தடவிப் பார்த்தேன். பத்தரை மில்லிமீற்றர் தடிப்புள்ள வெள்ளைக் கயிறு. ஓரிடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மேலுறை உரிந்து, இலவங்காய் வெடித்த மாதிரி விரிந்திருந்தது. உள்ளே பதினொரு புரி. மூன்று முழுதாக அறுந்துவிட்டன. நான்காவது பாதி. நிலத்திலிருந்து நான்கு மீற்றர் உயரத்தில் என் மருமகன் தொங்கிய அந்த நான்கு நிமிடமும் மிச்ச ஏழரைப் புரியில்தான் தொங்கியிருக்கிறான். அவனைக் கீழே இறக்கும்போது எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

ஊருக்குள் இந்தக் கதை இப்போது மூன்று விதமாக ஓடுகிறது. கயிறு பழசு, அறுந்துபோச்சு என்பது ஒன்று. பொடியன் பிடியை விட்டுட்டான் என்பது இன்னொன்று. வெளிநாட்டு விளையாட்டை இஞ்ச கொண்டுவந்தால் இப்பிடித்தான் என்பது மூன்றாவது. 2016இல் இலங்கைப் பெண் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட பிறகு, இது எங்கள் நாட்டு ஆட்களுக்கு ஒத்துவராது என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதலிரண்டும் பிழை. நாங்கள் ஏறிய கல்லுக்கிடங்குப் பக்கம் இப்போதும் பொடியள் கயிறும் கையுமாகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மேலே கயிற்றைக் கட்டியவன் நான்தான்.

ஏன் அந்தக் கிடங்கு

மருமகனுக்கு இருபத்தொரு வயது. புரட்டாதியில் ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போக இருந்தான். பிரித்தானியாவில் நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவன். கோடையில் வேல்ஸின் கடற்பாறைகள், குளிரில் பென் நெவிஸ் பக்கம் என்று சனி ஞாயிறுகளைக் கழித்தவன். என் படங்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் ஆசை பிடித்துவிட்டது. "போறதுக்கு முதல் முடிச்சுகளையாவது பழக்கிவிடுங்கோ மாமா" என்றான்.

நான் பழகிய ஏற்றத்தில் பாறையில் முன்கூட்டியே ஆணி அடித்திருக்காது. முதலில் ஏறுகிறவர் போகப் போக வெடிப்புகளுக்குள் நட், கேம் என்ற உலோகத் துண்டுகளைச் செருகி, கயிற்றை அவற்றில் மாட்டிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வருவார். நட் என்பது உண்மையிலேயே நட்தான். வேல்ஸில் ஸ்னோடன் மலை ரயில் பாதையோரம் கிடந்த இயந்திர நட்டுகளைப் பொறுக்கி, உட்புரியை அராவி, கயிறு கோத்துச் செருகித்தான் அங்கே தொடங்கினார்கள். ஏறுவதற்கென்றே செய்த நட் 1961இல்தான் வந்தது. எந்தக் கல் தாங்கும், எது தாங்காது என்பதை ஒவ்வொரு தடவையும் ஏறுகிறவரே பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதன் ருசியும் வில்லங்கமும் அதில்தான்.

சரி, யாழ்ப்பாணத்தில் எங்கே ஏறுவது? கீரிமலைக்குப் பெயரில் மலை இருக்கிறது; ஏறினால் மூச்சு வாங்காது. நல்லூர்க் கோபுரத்தை விட்டால் உயரம் என்று சொல்லப் பனையும் தண்ணீர்த் தாங்கியும்தான். முதலில் கடற்கரையைப் பார்த்தோம். கீரிமலையிலிருந்து பருத்தித்துறைப் பக்கம் போகப் போகப் பல இடங்களில் கரை சுண்ணக்கல் விளிம்பாக நிற்கிறது. ஆள் உயரம், அங்கங்கே கொஞ்சம் கூட. அலை அடியைக் குடைந்து வைத்திருப்பதால் மேற்கல் தாழ்வாரம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடல் வற்றுப்பெருக்கு எங்களுக்கு ஒரு மீற்றர்கூட வராது. வேல்ஸின் பெம்புரோக்கில் அது ஆறு ஏழு மீற்றர். நேரம் பார்க்காமல் பாறையடிக்கு இறங்கினால் திரும்பி வர வழியிருக்காது. அந்தப் பயம் இங்கே இல்லைத்தான். ஆனாலும் அந்தத் தாழ்வாரக் கல்லின் கீழே ஆளை நிறுத்த மனம் வரவில்லை, உயரமும் போதவில்லை. திருகோணமலையில் இராவணன் வெட்டு இருக்கிறதே என்றான் மருமகன். கோணேசர் இருக்கிற பாறையில் கயிறு போட எவருக்குத் துணிவு வரும்? அந்தப் பேச்சு அதோடு சரி.

மிஞ்சியது கல்லுக்கிடங்கு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோனது. அதற்காகவும், சுண்ணாம்புக்காகவும், வீடு கட்டவும் கல் எடுத்த கிடங்குகள் வலிகாமம் வடக்கில் நிறையக் கிடக்கின்றன. பெரியவற்றில் தண்ணீர் நிறைந்து குளமாகிவிட்டது. நாங்கள் போனது தனியார் காணி ஒன்றுக்குள் கிடந்த சின்னக் கிடங்கு. காணிக்காரரிடம் கேட்டுக்கொண்டோம். நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்த பகுதி என்பதால் மிதிவெடி எடுத்தாயிற்றா என்றும் கேட்டோம். ஆடு மேய்கிற ஒற்றையடிப் பாதையை விட்டு விலகவில்லை. இதிலெல்லாம் கவனமாகத்தான் இருந்தோம். கிடங்கின் தெற்குச் சுவர் ஒன்பது மீற்றர், பாதிப் பனை உயரம் என்று வையுங்கள். அடியில் காய்ந்த தரை. நடுவில் ஒரு படிக்கட்டு மாதிரி மேடை. பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

கட்டிய விதம்

சுவரின் மேல்விளிம்பில் ஒரு கட்டு, அதில் ஒரு காரபினர், அதாவது திறந்து மூடும் உலோக வளையம். ஏறுகிறவனின் கயிறு இடுப்பிலிருந்து மேலே போய், காரபினருக்குள்ளால் திரும்பிக் கீழே வரும். கீழே நிற்கிறவர் அவன் ஏற ஏறத் தளர்கிற கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். கிணற்றுக் கப்பியை நினைத்தால் விளங்கும். வாளிக்குப் பதில் ஆள். எல்லாம் மேல்கட்டை நம்பித்தான் இருக்கிறது.

என் மேல்கட்டுக்கு இரண்டு கை. ஒரு கை கல்லில். விளிம்புக்குக் கிட்ட இயற்கையாகவே ஒரு துளை, இரண்டு பக்கமும் திறந்து, நடுவில் பாலம் மாதிரி என் முழங்கைத் தடிப்பில் கல் நின்றது. சுண்ணக்கல்லில் இப்படிப் பாலங்கள் கிடைப்பது ஏறுகிறவர்களுக்குப் புதையல் மாதிரி. பெம்புரோக்கில் எத்தனையோ தடவை இப்படியான பாலத்தில் நான் தொங்கியிருக்கிறேன். அதைச் சுற்றி ஸ்லிங் என்ற நாடா வளையம் ஒன்றைப் போட்டேன். மற்றக் கை பனையில். விளிம்பிலிருந்து எட்டு மீற்றர் பின்னால் வேலியோரம் மூன்று பனைகள் நின்றன. இடப்பக்கப் பனையின் அடியில் கயிற்றைக் கட்டி விளிம்புக்குக் கொண்டுவந்தேன். அந்தக் கயிறுதான் பிறகு விறாந்தையில் கிடந்தது. அது நேர் பின்னாலிருந்து வரவில்லை, இடமிருந்து சரிந்து வந்தது. இரண்டு கைக்கும் இடையே ஐம்பது பாகை இருக்கும்.

பனைக் கயிற்றை நான் இறுக்கவில்லை. அரை மீற்றர் தொய்வு விட்டேன். கல் போனால் பனை பிடிக்கும் என்பது என் கணக்கு. கயிறு உரசாமலிருக்க யூரியாச் சாக்கு ஒன்றை நாலாக மடித்து விளிம்பில் வைத்தோம், சரியாக ஸ்லிங்குக்குக் கீழே.

வலப்பக்கப் பனையிலும் ஒரு கட்டுப் போட்டிருக்கலாம். என்னிடமிருந்தது பன்னிரண்டு மீற்றர்த் துண்டு. மற்றத் துண்டு வீட்டில். போய்வர அரை மணித்தியாலம். வெயில் ஏறுகிறது, பழக்கத்துக்குத்தானே என்று விட்டேன். ஹெல்மெட்டும் இரண்டுதான், ஆட்கள் மூன்று பேர். ஏறுகிறவனுக்கு ஒன்று. மற்றதை முதலில் ஏறி இறங்கிய நான் கழற்றாமல் போட்டுக்கொண்டே நின்றேன். கயிறு பிடித்த மருமகனின் சிநேகிதன் வெறுந்தலையோடு சுவரடியில் நின்றான். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இருபத்தேழு வினாடி

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலை. நான் ஏறி இறங்கினேன், சிநேகிதன் ஏறி இறங்கினான், ஒன்பதே முக்காலுக்கு மருமகன் தொடங்கினான். நான் தள்ளி நின்று போனில் படம் பிடித்தேன். மேலே ஒருவரும் இல்லை. அந்தக் காணொளி இருபத்தேழு வினாடி. இந்த ஆய்வுக்கு என்னிடமிருக்கும் சாட்சி அதுவும் கயிறும் உடைந்த கல்லும்தான்.

பதினோராவது வினாடியில் அவன் ஐந்தரை மீற்றர் உயரத்தில் நிற்கிறான். கை சோர்ந்துவிட்டது. "மாமா, இறுக்கச் சொல்லுங்கோ" என்கிறான். சிநேகிதன் இறுக்குகிறான். மருமகன் மெல்லக் கயிற்றில் அமர்கிறான். அவன் விழவில்லை, பிடியையும் விடவில்லை. கதிரையில் இருக்கிற மாதிரித்தான் இருந்தான். பதினான்காவது வினாடியில் சிதறுதேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். அவன் கீழேயும் இடப்பக்கமும் ஒரேயடியாகப் போகிறான். அதற்குப் பிறகு படத்தில் வானமும் என் குரலும்தான். பிறகு அளந்து பார்த்ததில் ஒன்றரை மீற்றர் கீழே, இரண்டு மீற்றர் இடப்பக்கம். சுவர் மடிகிற மூலையில் நின்ற மேடையில் இடக்கால் அடிபட்டது.

தேங்காயளவு கல் ஒன்று சிநேகிதனின் வலத்தோளுக்கு ஒரு முழம் தள்ளி நிலத்தில் புதைந்தது. அவன் கயிற்றை விடவில்லை. வாழ்க்கையில் மூன்றாவது தடவையாகக் கயிறு பிடிக்கிறவன். கல் விழுந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கல் ஒரு முழம் இடத்தே விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறாக இருந்திருக்கும், பெரும்பாலும் இருந்திருக்காது.

அடுத்த நான்கு நிமிடத்தைப் பற்றித்தான் எனக்கு இன்றைக்கும் இரண்டு மனம். ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டியில் அசையாமல் தொங்கினால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், சில நிமிடமே போதும். அதனால் கெதியாக இறக்க வேண்டும் என்று பதறினேன். இறக்கினோம். அது சரி என்று அப்போது நினைத்தேன். ஆனால் அவன் மயங்கவில்லை, பேசிக்கொண்டிருந்தான், வலக்கால் நல்லாக இருந்தது. அந்தக் காலை மேடையில் ஊன்றி நிற்கச் சொல்லியிருந்தால் கயிற்றின் பாரம் முக்கால்வாசி குறைந்திருக்கும். கிடங்கைச் சுற்றி மேலே ஓட இரண்டு நிமிடம். போயிருந்தால் பனைக் கயிற்றில் விழுந்த வெட்டைக் கண்டிருப்பேன். சாக்கை இழுத்துக் கயிற்றுக்குக் கீழே திணித்து, இடுப்பில் தொங்கிய ஸ்லிங்குகளை, கயிற்றை இறுகப் பிடிக்கும் பிரூசிக் முடிச்சால் வெட்டுக்கு மேலும் கீழும் போட்டுப் பிணைத்திருப்பேன். என்ன தாங்குகிறது என்று பார்க்காமல் அதில் ஆளை அசைத்ததை என்னால் சரியென்று சொல்ல முடியவில்லை. தப்பினான், அவ்வளவுதான்.

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம், வந்தது. கணுக்காலின் வெளி எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை மாக்கட்டு. அக்கா என்னோடு பேச அதைவிடக் கூட நாள் எடுத்தது.

கயிறும் கணக்கும்

விபத்து என்றால் கயிறு அறுந்தது என்று சொல்வது பழைய பழக்கம். 1865இல் மற்றர்ஹோர்ன் சிகரத்தை முதலில் ஏறிய ஏழு பேரில் நான்கு பேர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். நடுவில் பிணைத்திருந்த கயிறு உண்மையிலேயே அறுந்தது. அது மெலிந்த கயிறு, அப்போதெல்லாம் கயிறு என்றால் சணல். உள்ளே புரியும் வெளியே உறையுமாக நைலோன் கயிறு 1953இல் வந்த பிறகு, ஆள் பாரத்துக்குக் கயிறு சும்மா அறுகிற காலம் முடிந்துவிட்டது. இப்போது கயிறு போவது பெரும்பாலும் விளிம்பில் வெட்டுப்பட்டுத்தான். எங்கள் கயிறு இரண்டு வருடம் பழையது, அலுமாரிக்குள் இருந்தது. அதில் பிழையில்லை.

பாரமும் பெரிதல்ல. மருமகன் 64 கிலோ. கப்பியில் ஒரு பக்கம் ஆள், மறுபக்கம் கயிறு பிடிக்கிறவரின் இழுவை. இரண்டும் சேர்ந்து மேல்கட்டில் வரும். காரபினரில் உரசிக் கொஞ்சம் குறையும். நூறு கிலோவுக்குச் சற்று மேல் வந்திருக்கும். ஸ்லிங்கில் அச்சிட்டிருந்தது 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டேகால் தொன். ஸ்லிங் தாங்கக்கூடியதில் இருபதில் ஒரு பங்குக்கே கல் போய்விட்டது. நாங்கள் கடைக்குப் போனால் ஸ்லிங்கின் இலக்கத்தைப் பார்க்கிறோம், காரபினரின் இலக்கத்தைப் பார்க்கிறோம். கல்லில் இலக்கம் எழுதியிருக்காது.

ஏறத் தெரிந்த சிநேகிதர் ஒருவர் இரண்டு கைக்கும் இடைப்பட்ட கோணம் கூடிவிட்டது என்றார். அதுவும் இல்லை. ஐம்பது பாகையில் இரண்டு கையும் சமமாக இழுத்தால் ஒரு கைக்கு 55 வீதம்தான் வரும். 120 பாகைக்குப் போனால்தான் ஒவ்வொரு கையிலும் முழுப் பாரம் விழும். எங்கள் கட்டில் சிக்கல் வேறு: ஒரு கை இழுக்கவேயில்லை. தொய்வாகக் கிடந்த பனைக் கயிற்றுக்குப் பூச்சியம், கல்லுக்கு நூறு வீதம்.

அலவாங்கு

அடுத்த நாள் காலை அந்த அயலில் கிணறு வெட்டுகிற அண்ணை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அறுபது தாண்டியவர். தோளில் அலவாங்கு. விளிம்பில் குந்தியிருந்து உடைந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இதிலயோ கட்டினனீங்கள்?"

"ஓம் அண்ணை."

"தட்டிப் பாத்தனீங்களோ?"

நான் பேசவில்லை. அவர் அலவாங்கைத் திருப்பிப் பிடித்து மொட்டைப் பக்கத்தால் கல்லில் தட்டினார். விளிம்பிலிருந்து இரண்டு மீற்றர் உள்ளே 'கிண்' என்றது. ஒவ்வொரு அடியாக விளிம்புக்குக் கிட்ட வந்தார். கிண், கிண், பிறகு ஓரிடத்தில் 'பொத்' என்றது. அங்கிருந்து விளிம்பு வரைக்கும் பொத் பொத்தென்றுதான் கேட்டது. "கேக்குதோ? இது மண் குடிச்ச கல்லு. கிணத்துக்கை இதை நம்பிக் கால் வைக்கமாட்டம்."

உடைந்த முகத்தைப் பார்த்தால் அவர் சொன்னது கண்ணுக்கே தெரிந்தது. வெளியே சாம்பல் நிறத்தில் ஓடு மாதிரி இறுகிய தோல். உள்ளே பால் வெள்ளை, நடுவில் ஒரு சிப்பியின் அச்சு. வெள்ளையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு விரல் தடிப்பில் செம்மண் கோடு. முறிவின் மூன்றில் இரண்டு பங்கு அந்தச் செம்மண்தான். மிச்ச ஒரு பங்கில்தான் கல்லோடு கல் ஒட்டியிருந்தது. முழங்கைத் தடிப்பு என்று நான் நம்பிய பாலம் உண்மையில் மூன்று விரல் தடிப்பு.

இது எங்கள் மண்ணில் நடக்கிற வேலைதான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை ஏந்திக்கொண்டு புளிப்பாகிறது. அந்தப் புளிப்பு சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லாததும், நிலாவரை மாதிரிக் கேணிகள் உண்டானதும் இதனால்தான். கரைந்த வழிகளில் செம்மண் போய் அடைத்துக்கொள்கிறது. அதற்கு மேல் இந்தக் கிடங்கில் வெடி வைத்துக் கல் உடைத்திருக்கிறார்கள். வெடியின் அதிர்ச்சி விழுந்த கல்லோடு நிற்காது, நிற்கிற சுவருக்குள்ளும் மயிர் வெடிப்பாக ஓடும். கார்த்திகை மார்கழி மழை முழுவதையும் குடித்து ஊறியிருந்த கல் வேறு.

பெம்புரோக்கின் சுண்ணக்கல் ஏறத்தாழ 34 கோடி ஆண்டுப் பழசு. எங்களுடையது மயோசீன் காலத்தது, அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுக்கு இந்தப் பக்கம். இரண்டுக்கும் ஒரே பெயர். எங்களுடையது இளசு, நுண்துளை நிறைந்தது, நீரை உறிஞ்சுவது. பெயரை நம்பினேன் என்று சொல்லித் தப்பலாம்தான். ஆனால் நடந்தது அதுவல்ல.

வேல்ஸில் ஒரு பாலத்தில் ஸ்லிங் போட முன் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். அங்கே பழகும் எல்லாருக்கும் முதல் நாளே அதைச் சொல்லித் தருவார்கள். பென் நெவிஸில் இன்னும் மோசம். 1345 மீற்றர் மலை, பிரித்தானியாவிலேயே உயரமானது. குளிர்காலத்தில் வெடிப்பெல்லாம் உறைபனி மூடிக் கிடக்கும். கோடரியால் சுரண்டிச் சுரண்டித்தான் நட் செருக இடம் தேடவேண்டும். கல்லே கிடைக்காத இடத்தில் உறைந்த பனியிலேயே குதிரைலாட வடிவில் வாய்க்கால் வெட்டி, அந்தப் பனித் திட்டைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு இறங்குவார்கள். இறுகிய பனி என்றால் ஒரு மீற்றர் அகலம் போதும், பொதுபொதுத்த பனி என்றால் மூன்று மீற்றர் வேண்டும். தண்ணீரை நம்பித் தொங்குகிறோம் என்பது தெரியும், அதனால் ஒவ்வொரு தடவையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பேன். பன்னிரண்டு வருடத்தில் அங்கே எனக்கு ஒரு கட்டும் போனதில்லை. இங்கே தட்டவேயில்லை. ஏனென்றால் இது எங்கட கல். எங்கள் வீட்டு அத்திவாரம் இந்தக் கல், கிணற்றுக்கட்டு இந்தக் கல், பள்ளிக்கூட மதிலும் இந்தக் கல். சின்ன வயதில் இதில் முழங்கால் உரசாத நாளில்லை. அந்தப் பழக்கத்தையே எனக்கு இந்தக் கல்லைத் தெரியும் என்று எடுத்துக்கொண்டேன். இந்தக் கல்லோடே நாற்பது வருடம் சீவித்த அண்ணை அலவாங்கால் தட்டாமல் அதில் காலே வைப்பதில்லை.

போகும்போது அவர் இன்னொன்றும் கேட்டார். "மேல ஆர் நிண்டது?" ஒருவரும் இல்லை என்றேன். "எங்கட ஆள் கிணத்துக்கை இறங்கேக்க மேல ஒருத்தன் சும்மா குந்தியிருப்பான். கூலி அவனுக்கும் உண்டு. கட்டைப் பாக்கிறதுதான் அவன்ர வேலை."

சாக்கு நகரவில்லை, கயிறு நகர்ந்தது

கல் போனதோடு கதை முடிந்திருக்கலாம். பனை பிடித்ததுதானே? பிடித்தது. பனைக்கு ஆணிவேர் இல்லை, ஆயிரக்கணக்கில் நார்வேர். அது செம்மண்ணையும் கல்லிடுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கட்டை அடிமரத்தில் தாழ்வாகப் போட்டிருந்ததால் நெம்புகிற வேலையும் இல்லை. மரத்தில் கயிறு பதிந்த அடையாளம்கூடப் பெரிதாக இல்லை. மருமகன் தரைக்குப் போகாமல் நின்றது அந்தப் பனையால்தான்.

ஆனால் கல்லின் கை போனவுடன் காரபினர் பனைக்கு நேரே இழுபட்டு இடப்பக்கம் போனது. அரை மீற்றர்த் தொய்வு முழுவதும் விழுதலாக மாறியது. பனைக் கயிறு பாரத்தோடு இரண்டு மீற்றர் விளிம்பில் அரைபட்டுக்கொண்டு போனது. அந்த விளிம்பு வெடி வைத்து உடைத்த விளிம்பு, மழுங்காதது. விரலை வைத்தால் இறைச்சிக் கத்தி மாதிரி இருந்தது. யூரியாச் சாக்கோ வைத்த இடத்திலேயே அழகாக மடிந்தபடி கிடந்தது. அடுத்த நாள் காலையும் அப்படியேதான் கிடந்தது, பனி ஈரத்தோடு.

தொய்வை எடுத்திருந்தால் போதுமா என்றால், பாதிதான். எட்டு மீற்றர் நீளக் கயிறும் அரை மீற்றர் ஸ்லிங்கும் ஒன்றாக இழுபட்டால், நீளமானது இளகும், குட்டையானது விறைத்து நிற்கும். நீட்சி குறைந்த கயிறாக இருந்தாலும் ஆள் பாரத்துக்கு எட்டு மீற்றரில் ஒரு சாண் நீளும். ஆக எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் முதல் பாரம் கல்லுக்குத்தான் போயிருக்கும். இரண்டு கையும் ஒரே நீளத்தில், ஒரே பொருளில், ஏறும் வழிக்கு நேர் பின்னால் இருந்திருக்க வேண்டும். அதாவது நடுப் பனையும் வலப் பனையும், கல்லே வேண்டாம். ஒன்று போனாலும் காரபினர் பக்கவாட்டில் ஓடாத மாதிரி. அந்த இரண்டு பனையும் அங்கேயே நின்றன. வீட்டில் கிடந்த மற்றத் துண்டுக் கயிறு மட்டும் தேவைப்பட்டது.

பெம்புரோக்கில் மேல்விளிம்பில் கல் சரியில்லாத இடங்களில் இரும்புக் கம்பிகளைப் புல்தரையில் அறைந்து அதில் கட்டுவார்கள். இங்கே அலவாங்கை அறையலாமே என்று பொடியன் ஒருவன் கேட்டான். கிடங்கு விளிம்பில் செம்மண் ஒரு முழம்கூட இல்லை, கீழே கல். நிற்காது. துளைத்து ஆணி பூட்டலாம் என்று வேறொருவர் சொன்னார். ஆணி எவ்வளவு நல்லதென்றாலும் மண் குடித்த கல்லில் என்ன செய்யும்? அதுவும் இது கடற்காற்று அடிக்கிற இடம். தாய்லாந்தின் ராய்லே கடற்பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளே உப்பால் உள்ளுக்குள் வெடித்து, வெளியே பளபளவென்று இருந்தபடியே முறிந்தன. பிறகுதான் அங்கே டைட்டேனியத்துக்கு மாறினார்கள். இந்தச் சின்னக் கிடங்குக்கு அவ்வளவு செலவு செய்ய ஆளுமில்லை, தேவையுமில்லை. மூன்று பனை நிற்கிறது.

பிறகு

சித்திரையில், மாக்கட்டு எடுத்து ஒரு மாதம் கழித்து, திரும்பவும் போனோம். அக்காவுக்குச் சொல்லிவிட்டுத்தான். இரண்டு பனையில் இரண்டு கயிறு, இரண்டுக்கும் தனித்தனிச் சாக்கு. அதையும் கயிற்றோடு சேர்த்துக் கட்டினோம், கயிறு போகிற இடத்துக்குச் சாக்கும் போகட்டும் என்று. ஹெல்மெட் மூன்று. நான் மேலே குந்தியிருந்தேன், போன் சட்டைப் பைக்குள். முதல் ஆள் ஏற முன் மூன்று பேருமாக ஒரேயடியாகக் கயிற்றில் தொங்கி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஆடிப் பார்த்தோம். விளிம்பிலிருந்து கல் ஒன்று, நெல்லிக்காய் அளவு, கழன்று விழுந்தது. ஒருவருக்கும் படவில்லை. மருமகன் மேலே வந்து விளிம்பில் முழங்கையை ஊன்றி, வேர்த்த முகத்தோடு முதலில் பார்த்தது என்னை அல்ல, பனையடியில் போட்ட முடிச்சுகளை.

போன மாதம் அவன் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டான். பெட்டி அடுக்கும்போது அந்த வெட்டுப்பட்ட ஒரு சாணை வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான். மிச்சம் இரண்டு துண்டு. ஒன்றில் அக்கா உடுப்புக் காயப்போடுகிறாள். மற்றதில் ஆடு கட்டியிருக்கிறது.